முதல் கை

வுசாகிலே, கிட்வே
6 ஜூன் 1999

முவான்சாவின் அம்மாவுக்கு,

உன் கணவன் எவரிஸ்டோ எழுதுவது. கணவன் என்ற பதவியிலிருந்தாவது இன்னும் யாரும் என்னை ஆட்குறைப்பு செய்யவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நீ காசாமாவுக்குப் போய் நாளையோடு பதினொரு வாரம். தம்பி மனைவிக்குப் பிரசவம், மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பிள்ளைக்கு இந்நேரம் கழுத்து நின்றிருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவாய் போலிருக்கிறது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் கரி அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வந்து முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். பழைய அடுப்பு அல்ல, இது புதுசு. புதுசு என்றால் நான் செய்தது. சந்தையில் ஒருவன் வாஷிங் மெஷினின் உள்டிரம்மைத் தூக்கி எறிய இருந்தான். "வேணும்னா எடுத்துட்டுப் போ பெரியவரே, எனக்கு எடம் காலியானா போதும்" என்றான். அடியில் மூன்று கால் வைத்தேன், அவ்வளவுதான். ஓட்டை போடுகிற வேலையே இல்லை, ஐரோப்பாவிலேயே வரிசையாக ஓட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

சமையலறை ஜன்னலும் முடிந்தது. நீ போகும்போது அட்டை வைத்து அடைத்திருந்தேனே, அந்த இடத்தில் இப்போது ஒரு காரின் பின்கதவு. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்கும். பக்கத்து வீட்டு ஜெரே வந்து பார்த்தான். அவன் ங்கோனி இனம், நான் பெம்பா இனம். நாங்கள் கேலி பேசாமல் இருந்தால்தான் சண்டை என்று அர்த்தம் என்பது உனக்குத் தெரியும்.

"வண்டி எப்போ கெளம்பும், குரங்கு தின்னி? எனக்கு முன் சீட்டு வேணும்."

"எலி தின்னிகளுக்கெல்லாம் மேல கேரியர்லதான்யா எடம்."

"சந்தையில பழந்துணி மூட்டையப் பிரிக்கிற மாதிரி, சுரங்கத்துக்காரன் ஆளுங்களப் பிரிச்சு நல்ல துணியாப் பொறுக்கி எடுத்துக்கிட்டான். அடியில கெடந்தது நாம ரெண்டு பேருதான். இதுல முன் சீட்டென்ன, கேரியரென்ன" என்று சொல்லிவிட்டு நம் பஸ் சீட்டு சோபாவில் உட்கார்ந்தான். ஒரு ஸ்பிரிங் அவனைக் குத்தியது. அதற்கும் என்னைத்தான் திட்டினான்.

எப்போது வருகிறாய்? தேதி எழுது. பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
முவான்சாவின் அப்பா


காசாமா
20 ஜூன் 1999

முவான்சாவின் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை பஸ் ஓட்டுநர் கலுபா வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைக்குக் காசூபா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் சூரியன், பகலெல்லாம் தூங்குகிறது. தம்பி மனைவி எழுந்து நடமாடுகிறாள். எனக்கு இங்கே வேலை ஒன்றும் அதிகமில்லை. காலையில் மாவு உருண்டை பொரித்துப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறேன். பிள்ளைகள் வாங்குகிறார்கள்.

நேற்று தம்பி சிஷாலா கேட்டான். "மச்சான் என்ன எழுதியிருக்காரு, அக்கா?"

"ஜன்னல் வெச்சிருக்காராம்" என்றேன்.

"நல்லதுதானே, அதுக்கு ஏன் மொகத்த இப்படி வெச்சிருக்க?" என்றான். அவனுக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்கு இருமல் வரும் காலம் இது. கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்தால் கதவைத் திறந்து வையுங்கள். அந்த டிரம்மைப் பற்றி இனி எழுத வேண்டாம். ஓட்டைகளைப் பற்றி எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

தேதி கேட்டிருந்தீர்கள். தேதி ஒன்றும் இல்லை.

பிரிஸ்கா


வுசாகிலே, கிட்வே
11 ஜூலை 1999

முவான்சாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான் என்பதால் முதல் இரண்டு தடவை என் படிப்பின்மேல் சந்தேகப்பட்டேன். பிறகும் அதே எழுத்துதான் இருந்தது. தேதி இல்லை. கீழே வெறும் பிரிஸ்கா. இருபத்திரண்டு வருஷமாக முவான்சாவின் அம்மா என்றுதான் எனக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பிரிஸ்கா என்று பார்த்ததும் யாரோ ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆக நீ பிரசவத்துக்குப் போகவில்லை, என்னை விட்டுப் போயிருக்கிறாய். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வாரம் ஆகியிருக்கிறது. சுரங்கத்தில் என்னை முதல் பட்டியலிலேயே கழித்துக் கட்டியது சரிதான்.

என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலா? அதன் சக்கரம் நிற்காமல் நாம் சுவரோரம் படுத்து கதவோரம் எழுந்தது உண்மைதான். தலைமாட்டில் "உணவு தரக்கூடாது" என்று பலகை தொங்குவதைக் கழற்று, கழற்று என்று ஒரு வருஷம் சொன்னாய். இன்று கழற்றிவிட்டேன். டயர் செருப்பா? கோயிலில் நீ மண்டியிட்டபோது பின்னால் இருந்த பெண்கள் அடியில் கம்பெனிப் பெயரைப் படித்துச் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ? குளிக்கும் தொட்டியில் கீரை போட்டதா? மோட்டார் இல்லாத ஃப்ரிட்ஜில் மாவு வைத்தது எலிக்கு நல்ல தடுப்பு என்று நீயே ஒரு நாள் சொன்னாய், அதனால் அது இருக்காது.

ஜெரேயிடம் கேட்டேன். "ஒன் மூஞ்சியும் பழசு. அதை மாத்த வழியிருக்கான்னு கேட்டு எழுது" என்றான். பிறகு, "கேலியில்லாம கேக்கறேன், நீ அவகிட்ட நேரா கேட்டியா?" என்றான். அவன் கேலியில்லாமல் பேசியது எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் நேராகக் கேட்கிறேன். என்ன செய்தேன்? திரும்பி வருவாயா, மாட்டாயா?

முவான்சா லுசாகாவிலிருந்து எழுதியிருக்கிறான், அம்மா ஏன் பதில் போடவில்லை என்று. காய்ச்சல் என்று பொய் எழுதினேன். காய்ச்சல் யாருக்கு என்று எழுதவில்லை.

எவரிஸ்டோ
(முவான்சாவின் அப்பா)


காசாமா
1 ஆகஸ்ட் 1999

முவான்சாவின் அப்பாவுக்கு,

நேராகக் கேட்டுவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று இல்லை, சுமந்து சுமந்து அலுத்துவிட்டது.

என் பெரிய அலுமினியப் பானை நினைவிருக்கிறதா? என் அக்கா ஃபெலிஸ்டாஸ் கொடுத்தது. நம் கல்யாணத்துக்கு முன் நடந்த கிச்சன் பார்ட்டியில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் துணியைப் போர்த்திக்கொண்டு பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருத்தியும் ஒரு சாமானோடு ஆடிக்கொண்டு வந்து, இது வாணலி, இதில் இப்படிக் கிளறு என்று காட்டி வைத்துவிட்டுப் போனாள். அக்கா மட்டும் ஆடவில்லை. அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கும். பானை அவள் பேக்கரி வேலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்தது. கடைக் காகிதம் சுற்றியபடியே என் மடியில் வைத்து, "நான் பிரிக்கலடி. நீயே பிரி. ஒன் கைதான் மொதல்ல படணும்" என்றாள்.

நம் வீட்டில் எனக்கு முன் வேறு யாரும் தொடாத சாமான் அது ஒன்றுதான். என் கோட்டு பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரியுடையது, பையில் அவளுடைய கைக்குட்டை இருந்தது. என் கட்டிலில் எத்தனை பேர் செத்தார்களோ தெரியாது. நான் உட்காரும் சீட்டில் லுவான்ஷ்யா போகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை போன பிறகு நீங்கள் இப்படிச் செய்யாவிட்டால் நாம் தரையில்தான் படுத்திருப்போம். ஜன்னலில்லாத வீட்டுக்கு ஜன்னல் வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அந்தப் பானை. மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்தேன். நீங்கள் அதன் அடியில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, கழுவிய நெத்திலிக் கருவாட்டை வடிய வைத்திருந்தீர்கள். "காது ஒடஞ்சு சும்மாதானே கெடந்துச்சு. பாரு, இப்ப ஒரு உபயோகமாச்சு" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

காது உடைந்தது தெரியும். அதில் நான் சமைக்கவில்லை என்பதும் தெரியும். அக்கா இறந்த பிறகு அதில் சமைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் சும்மா கிடந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அந்தக் கருவாட்டைச் சமைத்துப் போட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து ஆள் வந்தது, கிளம்பிவிட்டேன்.

திரும்பி வருவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. எதற்காவது ஒன்றுக்கு நான் முதல் கையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. இது பெரிய ஆசையா சின்ன ஆசையா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் அது நடக்கும் என்று தோன்றவில்லை.

பிரிஸ்கா


வுசாகிலே, கிட்வே
29 ஆகஸ்ட் 1999

முவான்சாவின் அம்மாவுக்கு,

பானையைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை. அதனால் செயலில் இறங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு கலுபா ஒரு பெட்டி கொண்டு வருவார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

அதில் இருப்பது இரட்டைத் தட்டு மின்சார அடுப்பு. புத்தம் புதுசு. ஒரிஜினல் புதுசு. பெரிய தெருவில் கண்ணாடிக் கடையில் வாங்கினேன், தரையில் விரித்த கடையில் அல்ல. பஸ் சீட்டு சோபாவை முடிவெட்டுகிறவனுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒரு பாதிரியாருக்கும் விற்றேன். இப்போது தரையில்தான் தூக்கம். முதுகு ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை போல.

கடையில் ஒரே வேடிக்கை. அந்தப் பையன் பெட்டியை அப்படியே எடுத்துக் கையில் கொடுக்கிறான்.

"பிளக்கு போட்டுக் காட்டுப்பா" என்றேன்.

"புதுசு ஐயா. சீல் போட்டது."

"சீலைப் பாத்தாதான் எனக்குப் பயம். உள்ள செங்கல் இருந்தா?"

"ஐயா, சீலைப் பிரிச்சா புதுசா இருக்காதே."

"எரியலன்னா மட்டும் புதுசா இருக்குமா?"

கூட நின்றவர்கள் எல்லாரும் என் பக்கம்தான். கிட்வேயில் ஒரு பல்பைக்கூட எரியவைத்துப் பார்க்காமல் யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? பிரித்தான், எரிந்தது. ஆனாலும் கடையில் எரிவது வேறு, சமையல் தாங்குவது வேறு. காசாமா வரை பத்து மணி நேரம் போய் அங்கே எரியாவிட்டால் உன் தம்பி மனைவி முன்னால் என் மானம் போகும். அதனால் வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். இடது தட்டில் களி, வலது தட்டில் கீரை. ஜெரேயும் வந்து சாப்பிட்டான். முதல் தடவை சூடானபோது புகைந்து பெயின்ட் வாடை அடித்தது. கவலைப்படாதே, அந்த வாடை முழுக்கப் போகும் வரை எரியவிட்டு, உனக்காக நானே முடித்துவிட்டேன். இனி சுத்தமாக எரியும். நன்றாகத் துடைத்து, பெட்டியில் வைத்து, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

இது உன்னுடையது. யாரும் இதற்கு முன் பயன்படுத்தவில்லை. பதில் போடு.

சந்தோஷத்தோடு,
முவான்சாவின் அப்பா


காசாமா
12 செப்டம்பர் 1999

முவான்சாவின் அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. உங்கள் கடிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று வைத்துவிட்டு, பெட்டியை முதலில் என் அறைக்கு எடுத்துப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். தம்பி மனைவி வந்து தட்டி, "அண்ணி, உள்ள என்ன?" என்றாள். "இரு, சொல்றேன்" என்றேன். சின்னப் பெண் மாதிரி இருந்தது.

டியூபை அவிழ்த்தேன். நீங்கள் போடும் முடிச்சு எனக்குத் தெரியாதா, பல்லால்தான் அவிழ்ந்தது. உள்ளே இருந்த காகிதம் கசங்கியிருந்தது. வலது தட்டின் ஓரத்தில் ஒரு கீரைத் தண்டு ஒட்டியிருந்தது. இடது தட்டின் அடியில் காய்ந்த களி. நகத்தால் சுரண்டினேன்.

பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். படித்துச் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை. ஜெரே சாப்பிட்டதை, "உள்ள செங்கல் இருந்தா" என்றதை நினைத்து. சிஷாலா ஓடிவந்து பார்க்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். "மச்சான் மறுபடி என்னக்கா பண்ணாரு?" என்றான். "சோதிச்சுப் பாத்திருக்காரு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லா எரியுதுல்ல?" என்று கேட்டான். உங்கள் எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான்.

நன்றாக எரிகிறது. குறை ஒன்றும் இல்லை. தம்பி மனைவி பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறாள்.

அந்தப் பெயின்ட் வாடை என்றீர்களே, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்தப் புகையை நான்தான் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுக்காதீர்கள், உங்களுக்கு முதுகு ஆகாது. இனி எதுவும் அனுப்ப வேண்டாம். எதுவும் செய்யவும் வேண்டாம். இங்கே சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். வருஷக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

பிரிஸ்கா


வுசாகிலே, கிட்வே
3 அக்டோபர் 1999

முவான்சாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஜெரே வந்து, "என்னய்யா, அடுப்பு எப்படியாம்?" என்றான். "அவளுக்கு முன்னாடி நீ தின்னுட்டியாம்" என்றேன். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். இந்த மாதம் வெயில் தாங்கவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது உனக்குக் கொடுப்பதைத்தான் பிரிக்கிறேன் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என் முட்டாள்தனத்தைச் சொல்லி நான் பல பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதை வைத்துச் சிரிக்க முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் என் பெயர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அன்று வீட்டுக்கு வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. வழியில் குப்பையில் ஒரு நாற்காலி கிடந்தது, மூன்று காலோடு. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டாய். "பாரு" என்றேன். நாலாவது காலை வைத்து உன்னை உட்கார வைத்தேன், நீ சிரித்தாய். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து "பாரு, பாரு" என்று உன் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீ எப்போது சிரிப்பதை நிறுத்தினாய் என்று பார்க்கவில்லை. சாமானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பானையை அடைத்துப் பார்க்கலாமா என்று எடுத்தேன். ஈயம் உருக்கவும் கரி போட்டுவிட்டேன். பிறகு கேட்காமல் தொடுகிறோமே என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்த வருஷம் நான் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான்.

கேட்டிருக்க வேண்டும், பிரிஸ்கா. உன் பானை, உன் அக்கா. கேட்கவில்லை.

அறையை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள். நான் வந்து தகராறு செய்யமாட்டேன். களைப்பாக இருக்கிறது. காய்ச்சல் என்று முவான்சாவுக்கு எழுதியது பலித்துவிட்டது, பத்து நாள் படுத்திருந்தேன். ஜெரே கஞ்சி கொண்டுவந்தான். எலிக் கஞ்சி என்றான். குடித்தேன்.

எவரிஸ்டோ


வுசாகிலே, கிட்வே
31 அக்டோபர் 1999

முவான்சாவின் அம்மாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கலுபாவிடம் கேட்டேன். "குடுத்துட்டேன் அண்ணே. வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க. என் முன்னாடி படிக்கல" என்றார். அது போதும். நீ எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் எதுவும் செய்யவில்லை. எடுத்துப் போட்டது மட்டும்தான்.

போன சனிக்கிழமை முன்னறையில் இருந்த எல்லாவற்றையும் தெருவோரம் கொண்டுவந்து குவித்தேன். விலை கிடையாது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஜனங்கள் சந்தையில் துணிக் குவியலைக் கிளறுவது போலக் கிளறினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாவு வைத்த ஃப்ரிட்ஜை ஒரு விதவை மகனோடு வந்து தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலியை, அந்த நாலு கால் நாற்காலியை, ஒரு பெண் எடுத்து, உட்கார்ந்து, அசைத்துப் பார்த்தாள். "இந்தக் காலு மட்டும் வேற மரமா இருக்கே" என்றாள். "ஆமாம்மா, ஆனா தாங்கும்" என்றேன். கொண்டுபோய்விட்டாள்.

ஜெரே சொன்னான், "டேய் குரங்கு தின்னி, பைத்தியம் புடிச்சிருச்சா? நாளைக்கு எதுல ஒக்காருவ?"

"ஒன் வீட்டுல."

"என் வீட்டுல ஒக்கார எடமிருந்தா நான் ஏன் தெனமும் ஒன் வீட்டுக்கு வர்றேன்?"

அறை காலியானதும் இருமினேன். உள்ளே யாரோ திரும்ப இருமினார்கள். யார் என்று கேட்டுவிட்டேன், அப்புறம்தான் புரிந்தது. அவ்வளவு காலி.

சுண்ணாம்பு வாங்கினேன். கடையிலிருந்து, மூட்டை பிரிக்காதது. பிரித்துப் பார்க்காமல் கொண்டுவந்தேன். இரண்டு பூச்சு அடித்தேன். தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டேன். காய்ந்ததும் உள்மூலையிலிருந்து ஆரம்பித்து, பின்னால் நடந்துகொண்டே துணியால் துடைத்து, என் காலடி ஒன்றும் மிஞ்சாமல் கதவுக்கு வெளியே வந்து சாத்திவிட்டேன்.

இந்த வீட்டில் நமக்கு முன் சுரங்கத்துக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சுண்ணாம்பு அடித்த பிறகு அந்த அறையில் யாரும் நிற்கவில்லை. ஒரு முக்காலியாவது போடலாமே என்று கை அரிக்கிறது. போடவில்லை. உள்ளே என்ன வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சமையலறையில் படுக்கிறேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன். ஜெரே ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டுமா என்று கெஞ்சுகிறான், விடவில்லை.

அந்த அறை எப்படி இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சோதித்துப் பார்க்கவில்லை.

காசாமாவில் அறை எடுத்துவிட்டாய் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. பதில்கூட வேண்டாம்.

எவரிஸ்டோ


காசாமா
14 நவம்பர் 1999

முவான்சாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தை அறைக்காரருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே வருகிறேன்.

மழை பிடித்துக்கொள்வதற்கு முன் கிளம்பினால்தான் உண்டு என்கிறார் கலுபா. வரும் சனிக்கிழமை அவர் வண்டியில் ஏறுகிறேன். அடுப்பை இங்கேயே விட்டுவிடுகிறேன், பிள்ளைக்குப் பால் காய்ச்சட்டும். நிலையத்துக்கு வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுவேன்.

நான்தான் கதவைத் திறப்பேன். நான் உள்ளே போனதும் நீங்கள் வெளியிலேயே நில்லுங்கள். ஜெரேயும் நிற்கட்டும். நான் கூப்பிடும்வரை உள்ளே வராதீர்கள்.

கூப்பிடுவேன். கொஞ்சம் நேரமாகும்.

முவான்சாவின் அம்மா